ஆழம் தெரிந்து காலை விடுங்கள்: பார்லருக்கு ஃபேஷியல் மெஷின் வாங்கும் முன்

போன ஆடி மாதம் திண்டுக்கல்லில் அண்ணியின் பார்லருக்குப் போயிருந்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் விற்கிறவர்கள் வருவார்கள். ஆவணி முகூர்த்தத்துக்குள் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று சொல்ல வசதியான மாதம் அது. வந்தவர் பையிலிருந்து உள்ளங்கை அளவு அக்ரிலிக் பலகை ஒன்றை எடுத்தார். அதன் மேல் ஜெல் தடவி, மெஷினின் கைப்பிடியை வைத்து பட்டனை அழுத்தினார். டிக், டிக், டிக். ஜெல்லைத் துடைத்துவிட்டுப் பலகையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார். மேலே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மட்டும், கடுகைவிடச் சின்னதாக, வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்.

"பாத்தீங்களா மேடம், மேல ஒண்ணும் ஆகல. உள்ள மட்டும்தான் வேலை செய்யுது. ஆபரேஷன் இல்லாத ஃபேஸ்லிஃப்ட்."

அண்ணி என்னைப் பார்த்தார். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் என்னைத்தான் கேட்பார்கள். "நீங்க சொல்லுங்க தம்பி, வாங்கலாமா?"

அந்தப் பலகை பொய் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவிப்பதுபோல அல்ட்ராசவுண்ட் அலைகளை ஒரு புள்ளியில் குவித்தால் அந்தப் புள்ளி மட்டும் சூடாகும், வழியில் இருப்பது தப்பிக்கும். ஹைஃபு என்கிறார்களே, அதன் சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் அக்ரிலிக் பலகைக்கு நரம்பு கிடையாது, கொழுப்பு கிடையாது, ஆளுக்கு ஆள் கனமும் மாறாது. அண்ணியிடம் வருகிறவர்களுக்கு இதெல்லாம் உண்டு.

அவர் கொடுத்துவிட்டுப் போன கேட்டலாகில் ஏழெட்டு மெஷின்களைக் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தார்கள். எத்தனை ஃபங்ஷன், திரை எத்தனை இன்ச், எத்தனை வாட், எத்தனை கைப்பிடி. சிலவற்றுக்குப் பக்கத்தில் 7டி, 12டி என்று போட்டிருந்தது. அதில் அந்த டி எதை அளக்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை. இல்லாத கட்டம் ஒன்றுதான்: இந்த மெஷினின் வேலை தோலுக்குள் எவ்வளவு ஆழத்தில் நடக்கிறது? எனக்குத் தெரிந்து இந்த மெஷின்களை ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. என்ன பலன், என்ன ஆபத்து, யார் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணை ஒட்டியே வரும்.

முகத்தின் மேல்தோல் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு ஏ4 தாளின் கனம். அதன் உச்சியில் இருக்கும் இறந்த செல் படலம் அந்தக் கனத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. நமக்கு நிறம் கொடுக்கிற மெலனினைத் தயாரிக்கும் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. அதற்குக் கீழே 1 முதல் 2 மிமீ வரை உள்தோல். தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் நார்கள் இங்கேதான். அப்புறம் கொழுப்பு. அதற்கும் அடியில், ஏறக்குறைய 4.5 மிமீ ஆழத்தில், முகத் தசைகளைப் போர்த்திய சவ்வு. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த இந்தச் சவ்வைத்தான் ஃபேஸ்லிஃப்ட் அறுவையில் இழுத்துத் தைக்கிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் கன்னத்தில் இதற்கு அடியில் ஓடுகின்றன. கண்ணோரத்துக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டிலும் தாடை ஓரத்திலும் அவை மேலே நெருங்கி வந்துவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குவோம்.

முதல் படியில் நிற்பது ஹைட்ரா மெஷின். இன்று பார்லர் என்று போர்டு மாட்டினால் அடுத்த வரியில் ஹைட்ரா ஃபேஷியல் என்று எழுதுகிறார்கள். ஹைட்ராஃபேஷியல் என்பது உண்மையில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி, நம் ஊரில் அது எல்லா மெஷினுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. உள்ளே நடப்பது எளிமையானது. பேனா போன்ற கைப்பிடியின் நுனியில் சுருள் வரிகளுள்ள ஒரு டிப். ஒரு குழாய் வழியாகக் கரைசல் வரும், இன்னொரு குழாய் உறிஞ்சும். கரைசலில் உள்ள லேசான அமிலம் இறந்த செல்களை இளக்க, உறிஞ்சல் அவற்றை இழுத்துக்கொள்ளும். வேலை முழுக்க அந்த ஏ4 தாளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இந்த மெஷினின் உண்மையான விற்பனையாளர் அதன் பின்பக்கம் இருக்கும் கழிவு பாட்டில்தான். முடிந்ததும் வாடிக்கையாளர் எழுந்து கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த பாட்டிலைப் பார்ப்பார். கலங்கலாக, அடியில் பொடிப்பொடியாக ஏதோ படிந்து நிற்கும். "இவ்வளவு அழுக்கா என் மூஞ்சில?" அதில் பெரும்பகுதி அவர்கள் ஊற்றிய கரைசல், கொஞ்சம் மேக்கப்பும் சன்ஸ்கிரீனும், மீதிதான் செல்லும் எண்ணெயும். நான் இதைச் சொன்னபோது அண்ணி சிரித்தார்.

இங்கே மெஷினுக்கு மெஷின் ஒப்பிட வேண்டியது இரண்டு விஷயம். உறிஞ்சலை எவ்வளவு நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடிகிறது என்பது ஒன்று. மலிவான மெஷின்களில் அது சட்டென்று ஏறி, கன்னத்தில் கோடு கோடாகச் சிவப்போ ரத்தக்கட்டோ விட்டுவிடும். நாளை நிச்சயதார்த்தம் என்று வந்த பெண்ணுக்கு அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது சுத்தம். டிப் ஒரு ஆளுக்கு ஒன்று. கழுவி அடுத்தவருக்குப் போடுவது மிச்சம் பிடிப்பது அல்ல, ஒருவர் முகத்துக் கிருமியை அடுத்தவருக்குக் கொடுப்பது. கைப்பிடிக்கு உள்ளே போகும் குழாயையும் தினமும் கடைசியில் கிருமிநாசினி ஓட்டிக் கழுவ வேண்டும். அதற்கு வழியில்லாத மெஷினை வாங்கவே கூடாது. குழாய் அடைத்துக்கொள்வது பெரிய கம்பெனிக்கும் உள்ள தலைவலிதான். 2023இல் அந்த அமெரிக்க நிறுவனமே தன் சிந்தியோ மாடலின் முதல் இரண்டு பதிப்புகளில் சிக்கல் என்று ஒப்புக்கொண்டு, இனி மூன்றாம் பதிப்பை மட்டுமே விற்போம் என்று அறிவித்தது.

ஹைட்ராவுக்கு முன்னால் இதே வேலையைச் செய்தது மைக்ரோடெர்மாப்ரேஷன். 1980களில் இத்தாலியில் தொடங்கியது. அலுமினியம் ஆக்ஸைடு துகளை வீசித் தோலைத் தேய்ப்பது. பிறகு துகளுக்குப் பதில் வைரத்தூள் ஒட்டிய முனை வந்தது. இப்போது ஏழு வேலை செய்யும் மெஷின்களில் ஒரு மூலையில் கிடக்கிறது. உலர்ந்த உரசல் என்பதால் நம் தோலில் கருமை விடும் வாய்ப்பு அதிகம். அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்டீமர், லேசான மின்சாரம் செலுத்தும் கால்வானிக், ஹை ஃப்ரீக்வென்சி மூன்றும் அண்ணி தொழில் கற்றுக்கொண்ட காலத்திலிருந்தே இருக்கிறவை. கண்ணாடிக் குழாய்க்குள் ஊதா நிறத்தில் மின்னும் அந்த ஹை ஃப்ரீக்வென்சியைப் பார்த்தால் ஏதோ விஞ்ஞானக் கூடம்போல இருக்கும். உள்ளே ஆர்கான் வாயு இருந்தால் ஊதா, நியான் என்றால் ஆரஞ்சு. தோலுக்கும் குழாய்க்கும் நடுவே சின்னச் சின்னப் பொறி தட்டும், ஓஸோன் வாடை வரும். பருவைக் கொஞ்சம் காய வைக்கும், அவ்வளவே. ஸ்பிரிட் கலந்த டோனர் தடவிய முகத்தில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

எல்இடி விளக்குக்கு வருவோம். முகமூடிபோல மாட்டுவது, பலகைபோல விரிப்பது என்று இரண்டு வடிவம். ஏழு நிறம் என்று விற்கிறார்கள். ஆராய்ச்சியில் ஓரளவு உறுதியாக நிற்பவை மூன்றுதான்: 415 நானோமீட்டரை ஒட்டிய நீலம், 633 ஒட்டிய சிவப்பு, 830 ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பருக் கிருமி உடம்பில் ஒரு நிறமியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, நீல ஒளி அதைத் தாக்கிக் கிருமியைக் கொல்லும். சிவப்பும் அகச்சிவப்பும் இன்னும் ஆழமாகப் போய் வீக்கத்தைத் தணிக்கும். பச்சையும் மஞ்சளும் பார்க்க அழகாக இருக்கும்.

நீலத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு, இதை எந்த கேட்டலாகிலும் நான் பார்த்ததில்லை. 2014இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், கருக்கும் தன்மையுள்ள தோலில் 415 நானோமீட்டர் ஒளி நீண்ட நாள் நிற்கும் கருமையை உண்டாக்கியது. 630 நானோமீட்டர் சிவப்பு அப்படிச் செய்யவில்லை. நம் ஊரில் முப்பது வயது தாண்டிய பெண்களில் எத்தனை பேருக்குக் கன்னத்தில் மங்கு இருக்கிறது என்று பார்லரில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். மங்கு உள்ளவருக்கு நீல விளக்கு போடுவது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது. சிவப்பு போதும். விலையை ஒப்பிடும்போது எத்தனை நிறம் என்று கேட்காமல், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவர் விற்பது சீரியல் செட்.

முகத்தில் மிக மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் மைக்ரோகரன்ட் மெஷின் பற்றி ஒரு புகழ்பெற்ற வாக்கியம் உண்டு: செல்லின் சக்தி 500 சதவீதம் கூடும். பல விளம்பரங்களில் பார்க்கலாம். அது முழுப் பொய் இல்லை. 1982இல் வந்த ஓர் ஆய்வில் எலித் தோலின் துண்டுகளில் மைக்ரோ ஆம்பியர் அளவு மின்சாரம் செலுத்தியபோது ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு சில மடங்கு கூடியது. எலி, துண்டு, கிண்ணம். அங்கிருந்து அம்பத்தூரில் ஒருவருடைய தாடை இறுகுவது வரை வரும் தூரத்தை விளம்பரம் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறது. செய்த அன்று முகம் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும், ஓரிரு நாளில் போய்விடும். ஆபத்து குறைவு, பலனும் அதற்கேற்ற அளவுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வலிப்பு உள்ளவர்களுக்கும் கூடாது என்பது மட்டும் முன்பு சொன்ன கால்வானிக், ஹை ஃப்ரீக்வென்சிக்கும் இனி வரும் எல்லா மின்சார மெஷினுக்கும் பொருந்தும்.

ஆர்எஃப் என்கிற ரேடியோ அலை மெஷினில்தான் விஷயம் சூடாகிறது, இரண்டு பொருளிலும். ரேடியோ அலை வேகத்தில் திசை மாறும் மின்சாரம் தோலுக்குள் ஓடும்போது தசை துடிப்பதில்லை, திசு மட்டும் தன் தடையால் சூடாகிறது. சூட்டில் கொலாஜன் சுருங்கும், பின்னர் சில வாரங்களில் புதிதாகவும் உண்டாகும் என்பது எதிர்பார்ப்பு. 2002இல் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ கண்ணைச் சுற்றிய சுருக்கத்துக்கு அனுமதித்த தெர்மாஜ் இந்த வகையின் மூத்த பிள்ளை. அதில் முகத்தில் ஒரு முனை, முதுகில் ஒட்டிய தகடு மறுமுனை. மின்சாரம் நடுவே உள்ள உடம்பு முழுதையும் கடந்து போகும். அது மருத்துவர் கைக்கான கருவி.

பார்லருக்கு வருவது பெரும்பாலும் இரண்டு முனையும் ஒரே கைப்பிடியில் இருக்கும் பைபோலார், அல்லது நாலைந்து முனை உள்ள மல்ட்டிபோலார். அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதிதான் சூடு இறங்கும் ஆழம். 4 மிமீ இடைவெளி என்றால் 2 மிமீ. கேட்டலாகில் எண்ணே இல்லாவிட்டாலும் ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். 'டீப் லிஃப்டிங்' என்று எழுதிய கைப்பிடியின் முனைகள் தீக்குச்சித் தலை அளவு நெருங்கியிருந்தால், எழுதியதை மறந்துவிடுங்கள்.

ஆர்எஃப்பில் மெஷின் பாதி, கை பாதி. கொலாஜன் அப்போதே சுருங்க உள்ளே 60 டிகிரிக்கு மேல் வேண்டும்; பார்லர் மெஷினில் தோலின் மேற்பரப்பை 40 முதல் 42 டிகிரியில் சில நிமிடம் நிறுத்தி, வாரா வாரம் செய்து, மெதுவாகப் பலன் எதிர்பார்க்கிறோம். கோவிட் காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நீட்டினார்களே, அந்த மாதிரித் துப்பாக்கித் தெர்மாமீட்டர் ஒன்றை, தோலின் மேற்பரப்பைக் காட்டும் முறையில் வைத்து, ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். கைப்பிடி நிற்கவே கூடாது, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தில் தடவிய கிளிசரின் காய்ந்து முனையின் ஓரம் மட்டும் தோலில் பட்டால், அந்த ஓரத்தில் மின்சாரம் குவிந்து சுருக்கென்று சுடும். பேசிக்கொண்டே செய்யும்போதுதான் இது நடக்கிறது.

இன்னொன்று, நம் ஊர்ச் சங்கடம். உலோகத்தை அருகில் வைத்துக்கொண்டு ஆர்எஃப் செய்யக் கூடாது. மூக்குத்தியையும் கம்மலையும் கழற்றச் சொல்லலாம். தாலியை யார் கழற்றச் சொல்வது? முகத்தோடு நிறுத்திக்கொள்ளும் பைபோலாரில் சங்கிலியைப் பின்பக்கம் தள்ளிவிட்டுக் கழுத்தைத் தொடாமல் விட்டால் சமாளிக்கலாம். முதுகில் தகடு வைக்கும் வகையில் தாலிச் சங்கிலி தகட்டுக்கு அருகில் கிடந்தால் கதையே வேறு. மெஷின் விற்க வருகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் விழிக்கிற விழியிலேயே அவருக்கு என்ன பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள் என்று தெரிந்துவிடும்.

இதற்கு மேல் இறங்கினால் என் கருத்து கறாரானது. இனி வருபவை பார்லர் மெஷின்கள் இல்லை.

ஹைஃபுவின் கைப்பிடியில் மாட்டும் கார்ட்ரிட்ஜ்கள் 1.5, 3.0, 4.5 மிமீ என்று ஆழம் குறித்தே வருகின்றன. மற்ற மெஷின்காரர்கள் மறைப்பதை இவர்கள் மேலேயே எழுதியிருக்கிறார்கள். குவியும் புள்ளியில் 60 முதல் 70 டிகிரி வரை போகும். 2009இல் எஃப்டிஏ புருவம் தூக்குவதற்கு அனுமதித்த அல்தெரா கருவியில் ஒரு வசதி உண்டு: சுடுவதற்கு முன்னால் அதே கைப்பிடி ஸ்கேன்போலத் தோலின் அடுக்குகளைத் திரையில் காட்டும், எங்கே சவ்வு இருக்கிறது, எங்கே எலும்பு என்று பார்த்துச் சுடலாம். அண்ணியிடம் வந்த மெஷினில் பெரிய திரை இருந்தது, அதில் தெரிந்தது ஷாட் எண்ணிக்கையும் ஒரு பெண்ணின் படமும். 4.5 மிமீ என்பது கன்னத்தில் சவ்வாக இருக்கலாம். ஒல்லியானவருக்கு நெற்றியில் அதே 4.5 எலும்பு. நெற்றிப்பொட்டில் நரம்பு. கொழுப்பு அடுக்கில் மாட்டினால் கன்னம் இறுகுவதற்குப் பதில் குழி விழும், போன கொழுப்பு திரும்பி வராது.

இதெல்லாம் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே ஹைஃபு பார்லர்களில் பெரிய அலையாகப் பரவியது. தீக்காயம், நரம்பு பாதிப்பு, கண்ணுக்கு அருகில் செய்ததில் கண்புரை என்று நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் சேர, நுகர்வோர் பாதுகாப்புக்கான விசாரணை ஆணையம் 2023 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2024 ஜூனில் சுகாதார அமைச்சகம், மருத்துவர் அல்லாதவர் ஹைஃபு செய்வது மருத்துவர் சட்டத்தை மீறுவது என்று சொல்லிவிட்டது. அங்கே விற்க முடியாமல் போகும் சரக்கு வேறு எந்தச் சந்தைக்குத் திரும்பும் என்று யோசித்தால், ஆடியில் கதவைத் தட்டியவர் ஏன் அவ்வளவு தள்ளுபடி கொடுத்தார் என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. இது என் ஊகம்தான்.

ஊசியும் ரேடியோ அலையும் சேர்ந்த மைக்ரோநீட்லிங் ஆர்எஃப்பும் இதே கணக்கில் வரும். 2025 அக்டோபரில் எஃப்டிஏ இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது: தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்பு சேதம், சரிசெய்ய அறுவைகூடத் தேவைப்பட்டவர்கள். இது மருத்துவச் சிகிச்சை, அலங்கார வேலை இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

லேசரும் ஐபிஎல்லும் ஆழத்தைவிட நிறத்தால் சிக்கல் கொடுப்பவை. ஐபிஎல் லேசர் அல்ல. கேமரா ஃப்ளாஷ்போல ஒரு ஸெனான் விளக்கு, சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை எல்லா ஒளியையும் ஒரே மூச்சில் வீசும். வெள்ளைத் தோலில் உள்ள பழுப்புப் புள்ளி சுற்றிலும் உள்ளதைவிடக் கறுப்பு என்பதால் அது மட்டும் ஒளியை வாங்கிக்கொள்ளும். நம் தோலில் முழுத் தோலுமே வாங்கிக்கொள்ளும். கைப்பிடி நுனியில் உள்ள கண்ணாடிக் கட்டி வைத்த இடமெல்லாம் செவ்வகம் செவ்வகமாகக் கருத்துப்போய், ஆறு மாதம் முகத்தை மூடிக்கொண்டு திரிந்த ஒரு கல்லூரிப் பெண்ணை எனக்குத் தெரியும். தோலை ஒன்று முதல் ஆறு வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975இல் வந்தபோது அதில் வெள்ளைத் தோலுக்கான நாலு வகைகளே இருந்தன. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் சேர்ந்தன. தமிழர்களில் பெரும்பாலோர் நாலு, ஐந்தில் வருவோம். மெஷினில் ஏற்கெனவே பதித்து வரும் ப்ரீசெட்டுகள் யாருடைய முகத்தை நினைத்துப் போடப்பட்டவை என்று கேட்பது நம் கடமை.

1064 நானோமீட்டர் என்டியாக் லேசரை மெலனின் குறைவாகவே பிடிக்கும், அதனால் கருத்த தோலுக்கு அது ஒப்பீட்டளவில் தேவலை. கரி பூசி அதன் மேல் சுடும் கார்பன் பீல் இதில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, நேரே விழித்திரைக்குப் போய்விடும். பார்லர் என்றாலே சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி, ஒளி அதில் பட்டுத் திரும்பும். ஆஸ்பத்திரியில் லேசர் அறையில் கண்ணாடியை மூடிவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்வார்கள். பெட்டியில் வரும் மலிவான டாட்டூ ரிமூவல் மெஷினோடு கிடைக்கும், கண்ணுக்கு மாட்டும் பச்சை நிற பிளாஸ்டிக் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது வெயிலுக்குப் போடுவதற்குக்கூட லாயக்கில்லை.

எந்த மெஷினாக இருந்தாலும், படுக்க வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: "என்ன க்ரீம் போடுறீங்க?" மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வெள்ளையாக்கும் ட்யூபை வருஷக்கணக்கில் பூசியவர்கள் ஏராளம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018இல் அரசு இத்தகைய க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது. ஸ்டீராய்டால் மெலிந்த தோல் வெளியே பளபளவென்று இருக்கும், தொட்டால் சிவக்கும். அதில் ஹைட்ராவின் உறிஞ்சலே அதிகம்.

சான்றிதழ் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. கழுகுச் சின்னம் போட்டு 'எஃப்டிஏ ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட்' என்று லேமினேட் செய்து காட்டுவார்கள். அப்படி ஒரு சான்றிதழை எஃப்டிஏ யாருக்கும் கொடுப்பதே இல்லை என்று அதன் இணையதளத்திலேயே சொல்லியிருக்கிறது. கம்பெனியின் பெயரைப் பதிவு செய்வது வேறு, அந்த மாடலைப் பரிசீலித்து அனுமதிப்பது வேறு. ஐரோப்பாவின் சிஇ முத்திரையும் அப்படித்தான். கூடுதல் ஆபத்துள்ள மருத்துவக் கருவி என்றால் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்க வேண்டும், சோதித்த அமைப்பின் எண் அது. நம் நாட்டில் 2017இன் மருத்துவக் கருவி விதிகள் 2020 ஏப்ரலில் எல்லா மருத்துவக் கருவிகளுக்கும் விரிந்தன. ஆபத்து அதிகமான சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலிருந்து உரிமம் கட்டாயம். இறக்குமதி என்றால் அந்த உரிமம் எம்டி-15 என்ற படிவத்தில் இருக்கும். "எம்டி-15 நகல் அனுப்புங்க" என்று வாட்ஸாப்பில் கேட்ட பிறகு அந்த விற்பனையாளர் அண்ணிக்குக் குட் மார்னிங் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் விட்ட வழிகாட்டுதலும் முடி நடுவது முதலான அழகியல் சிகிச்சைகளை உரிய பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்கிறது.

சரி, காசு. அண்ணியும் நானும் ஒரு பழைய நோட்டுப் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது. ஹைட்ரா மெஷின் 90,000 ரூபாய். ஒரு தடவைக்கு 1,200 வாங்கலாம். அதில் கரைசல் 180, டிப் 60, பஞ்சு, ஷீட், ஹேர்பேண்ட் 30, செய்கிற பெண்ணுக்கு 100, ஜிஎஸ்டி சுமார் 57. கையில் நிற்பது 773. மெஷின் காசு திரும்ப 117 முகம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் ஒரு வருஷத்துக்கும் மேல். ஆடியும் மார்கழியும் அதில் கழியும். கரண்டையும் வாடகையையும் நாங்கள் எழுதவே இல்லை, மனம் உடைந்துவிடும் என்பதால்.

ஜிஎஸ்டியில் ஒரு நெளிவு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைக்கு வரி 18இலிருந்து 5 சதவீதமானது, வாடிக்கையாளருக்கு நல்லது. ஆனால் மெஷின் வாங்கும்போது கட்டிய வரியை இனி கழித்துக்கொள்ள முடியாது. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவே செய்யாத சின்னப் பார்லர்களுக்கு எப்போதும் இதே நிலைதான். ஆகவே "பில் போட்டா ஜிஎஸ்டி திரும்பக் கிடைச்சிரும் மேடம்" என்ற பழைய வசனம் செல்லாது. அதற்காக பில் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள், வாரண்டி போய்விடும்.

விலையை ஒப்பிடும்போது மெஷின் விலையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் டிப் விலை, கரைசலை வெளியே வாங்கிப் போடலாமா, கைப்பிடி தனியாகக் கிடைக்குமா, கிடைத்தால் எவ்வளவு. என்னிடம் ரிப்பேருக்கு வருகிற மெஷின்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போகின்றன: ஒயர் கைப்பிடிக்குள் நுழைகிற கழுத்து. மடக்கி மடக்கி உள்ளே கம்பி அறுந்துவிடும். அடுத்தது, கழிவு பாட்டில் நிரம்பியதைக் கவனிக்காமல் ஓட்டி, தண்ணீர் பம்ப்புக்குள் ஏறிவிடுவது. மூன்றாவது திண்டுக்கல்லின் சொந்தச் சரக்கு, போர் தண்ணீர். ஸ்டீமரில் அதை ஊற்றினால் ரெண்டு மாதத்தில் காயிலில் வெள்ளையாக உப்பு கட்டி, ஆவிக்குப் பதில் கொதிதண்ணீரைத் துப்பும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கி வையுங்கள். எர்த் சரியில்லாத கட்டடத்தில் மின்சாரம் பாயும் எந்த மெஷினையும் முகத்தில் வைக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அண்ணி கடையில் நான் ப்ளக் மாட்டினேன்.

ஆவணி பிறந்ததும் அண்ணி வாங்கியது உறிஞ்சலை நுணுக்கமாகக் குறைக்க முடிகிற ஹைட்ரா ஒன்று, சிவப்பு எல்இடி பலகை ஒன்று. ஆர்எஃப் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார். மெஷினை மூலையில் நிறுத்தும்போது கழிவு பாட்டில் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தேன், ஒயருக்கு அதுதான் வசதி. அண்ணி வந்து மெஷினை அப்படியே திருப்பி வைத்தார்.

"அது கஸ்டமர் பக்கம் இருக்கட்டும் தம்பி."